வீட்டில் தேன், மேடையில் தேனீ: கிட்டார் கேள்வி-பதில்

மல்டி எஃபெக்ட்ஸ், ஆம்ப் மாடலர் பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "பெட்டி சரியில்லை." கடிதத்தை முழுதாகப் படித்தால், பெட்டி சரியாகத்தான் இருக்கிறது, அதன் வாலில் மாட்டியதுதான் சரியில்லை.

கடையில் 'மல்டி எஃபெக்ட்ஸ்' என்கிறார்கள், வீடியோக்களில் 'ஆம்ப் மாடலர்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? இதை வாங்கினால் தனியாக ஆம்ப் வேண்டாமா?
– புதிதாக எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிய வாசகர், திருமங்கலம்

எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வருவது மிகச் சின்ன சிக்னல். அதை நேராக மிக்ஸரில் கொடுத்தால் தகர டப்பாவைத் தட்டியது போல இருக்கும். பாட்டுகளில் நாம் கேட்கும் கிட்டார் ஒலி நான்கு கை மாறி வந்தது: ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப், கேபினட் எனும் மரப்பெட்டியில் பொருத்திய (பெரும்பாலும் 12 இஞ்ச்) ஸ்பீக்கர், அதன் முன் வைத்த மைக். இந்த நான்கும் சிக்னலை என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் ஒரு சிப்புக்குள் கணக்காகப் போட்டுத் தருவது ஆம்ப் மாடலர். வா-வா, கோரஸ், டிலே, ரிவெர்ப் என்று தனித்தனி பெடலாக வாங்க வேண்டியதை ஒரே பெட்டியில் அடக்கியது மல்டி எஃபெக்ட்ஸ்.

ஒரு காலத்தில் இரண்டும் வேறு வேறு சாமான்கள். ரோலண்ட் நிறுவனம் 1995-ல் வி.ஜி.-8 என்ற மாடலிங் பெட்டியைக் கொண்டுவந்தது. லைன் 6 நிறுவனம் 1998-ல் 'பாட்' என்ற சிவப்புப் பெட்டியை, மொச்சைக்கொட்டை வடிவத்தில், விற்க ஆரம்பித்தது. ஆம்ப் மாடலிங் வீட்டுக்குள் நுழைந்தது அதற்குப் பிறகுதான். கெம்ப்பர் நிறுவனம் வேறு வழி பிடித்தது. நிஜ ஆம்புக்குள் சோதனைச் சிக்னலை அனுப்பி, வெளியே வருவதை அளந்து, அந்த ஆம்பின் குணத்தை நகலெடுத்தது. இன்று கையடக்க மல்டி எஃபெக்ட்ஸிலும் ஆம்ப் மாடல்கள் வந்துவிட்டதால் பெயர் குழம்பிக் கிடக்கிறது. கடையில் பெயரைக் கேட்காதீர்கள். "ஆம்ப் மாடல் இருக்கா, கேபினட் மாடல் இருக்கா?" என்று கேளுங்கள். இரண்டும் இருந்தால் ஹெட்ஃபோனோ, பாட்டுக் கேட்கும் நல்ல ஸ்பீக்கரோ போதும். தனி ஆம்ப் இப்போதைக்கு வேண்டாம்.

வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டால் தேன். திருவிழா மேடையில் மைக்செட்டில் கொடுத்தால் தேனீ, ஜிர்ரென்று காதைக் குத்துகிறது. மேடைக்காகவே அவுட்புட் செட்டிங்கை 'காம்போ' என்று மாற்றினேன், இன்னும் மோசம். பெட்டியை மாற்றிவிடலாமா?
– மெல்லிசைக் குழு கிட்டாரிஸ்ட், உசிலம்பட்டி

மாற்ற வேண்டியது பெட்டியை அல்ல, அந்த 'காம்போ'வை.

அவுட்புட் செட்டிங் கேட்பது ஒரே கேள்வி: "எனக்கு அப்புறம் என்ன மாட்டியிருக்கிறாய்?" காம்போ, ஸ்டாக் என்றெல்லாம் இருப்பவை நிஜ கிட்டார் ஆம்புக்கு. அதைத் தேர்ந்தெடுத்தால், "பின்னால் கிட்டார் ஸ்பீக்கர் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்" என்று நினைத்துப் பெட்டி தன் கேபினட் மாடலை அணைத்துவிடும், அல்லது ஒலியை வேறு மாதிரி வளைத்துவிடும். கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் நன்றாகப் பேசும். அதற்கு மேல் சட்டென்று சரிந்துவிடும். அந்தச் சரிவுதான் டிஸ்டார்ஷனின் முள்ளையெல்லாம் மழித்து விடுகிறது. மைக்செட் பாக்ஸில் ட்வீட்டர் இருக்கிறது. அது 15,000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் பேசும். மழிக்காத முள் மொத்தமும் ஜனங்கள் காதில் போய் இறங்குகிறது. மிக்ஸருக்குப் போகிறது என்றால் செட்டிங் 'லைன்' அல்லது 'லைன்/போன்ஸ்'. கேபினட் கட்டாயம் ஆனில் இருக்க வேண்டும்.

அதைச் சரிசெய்தாலும் கொஞ்சம் குத்தும். காரணம் நம் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு பாஸும் உச்ச ட்ரெபிளும் மங்கலாகக் கேட்கும். சத்தம் கூடக் கூட இரண்டும் எழும்பும். ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டார் தூக்கம் கெடாமல் அமைத்துச் சேமித்த ஒலியில், அதாவது ப்ரீசெட்டில், பாஸும் ட்ரெபிளும் தேவைக்கு மேல் ஏறியிருக்கும், நடு ஒலி பள்ளமாக இருக்கும். ஆகவே ப்ரீசெட்டை ஒரு தடவையாவது பெரிய ஸ்பீக்கரில், பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவு சத்தத்தில் வைத்து அமையுங்கள். அதற்கு வழியில்லையென்றால் குளோபல் ஈக்யூவில் இப்படித் தொடங்குங்கள்: லோ கட் 100 ஹெர்ட்ஸ், ஹை கட் 6,000 ஹெர்ட்ஸ், 800 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் கூட்டல். ப்ரீசெட் ஒவ்வொன்றையும் தொட வேண்டாம். குளோபல் ஈக்யூ எல்லாவற்றுக்கும் சேர்த்து வேலை செய்யும். வீட்டுக்கு வந்ததும் அதை அணைத்துவிடுங்கள். மறந்துவிட்டு மறுநாள் "பெட்டி மந்தமாகிவிட்டது" என்று எழுதுகிறவர்களும் உண்டு.

கெயினை, அதாவது டிஸ்டார்ஷனின் அளவை, மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். தனியாக வாசிக்கும்போது கனமாகத் தெரிவது, கீபோர்டும் பேடும் ட்ரம்ஸும் சேர்ந்தால் கூழாகிவிடும். ரிவெர்ப் வீட்டில் வைத்ததில் பாதி போதும், மைதானமும் மண்டபமும் தம் பங்கைத் தாமே சேர்த்துக்கொள்ளும். ஒரே ஒரு வயர் கொடுக்கிறீர்கள் என்றால் 'எல்/மோனோ' என்று எழுதிய ஓட்டையில்தான் கொடுக்க வேண்டும். தவறிப்போய் வலது ஓட்டையில் செருகினால் ஸ்டீரியோ டிலேயில் பாதிதான் வெளியே போகும்.

மிச்சம் மைக்செட்காரர் கையில் இருக்கிறது. பாடகர் மைக்குக்கு வைத்த எக்கோ உங்கள் சேனலிலும் திறந்தே இருக்கும். வேலை ஆரம்பிக்கும் முன்பே, "அண்ணே, என் லைன்ல எக்கோ வேணாம்ணே, பாஸ் ட்ரெபிள் ரெண்டையும் நடுவுல வச்சிருங்க" என்று சொல்லிவிடுங்கள். கால் இஞ்ச் பின் என்றால் லைன் இன்புட் கேளுங்கள். கேனன் பின் போடும் மைக் சேனல் மட்டும்தான் மிச்சம் என்றால் சிக்னலை மைக் அளவுக்கு இறக்கித் தரும் டி.ஐ. பாக்ஸ் ஒன்று நடுவில் வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் நுழையும் இடத்திலேயே பிளிறும். பெட்டியின் வால்யூமை முக்கால் அளவில் வைத்துவிட்டு, மிக்ஸர் கெயினைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். நேர்மாறாகச் செய்தால் இரைச்சல்தான் கூடும்.

இன்னொன்று. தெரு முழுக்கக் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் மட்டும்தான் ஒலி போகிறது என்றால் மேலே சொன்ன எதுவும் பெரிதாக உதவாது. குழாயில் பாஸ் கிடையாது, உச்சமும் கிடையாது. டிஸ்டார்ஷனை மறந்துவிட்டு க்ளீன் ஒலியில் வாசியுங்கள்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டு வாசிக்கலாமா?
– கல்லூரி மாணவர், நாகமலை புதுக்கோட்டை

கூடாது. ப்ளூடூத் வழியாக ஒலி வந்து சேர 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை ஆகும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட். 150 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் 50 மீட்டர் தள்ளித் தெருமுனையில் வைத்த ஸ்பீக்கரைக் கேட்டு இங்கே தாளம் பிடிப்பதற்குச் சமம். வயர் வைத்த ஹெட்ஃபோன் போடுங்கள். போனிலிருந்து பெட்டிக்கு ப்ளூடூத்தில் பாட்டு அனுப்பி, அதோடு சேர்ந்து வாசிப்பதில் தடையில்லை. அங்கே தாமதமாவது பாட்டு மட்டும்தான், உங்கள் விரல் இல்லை.

என்னிடம் ஏற்கெனவே 15 வாட் பிராக்டிஸ் ஆம்ப் இருக்கிறது. மல்டி எஃபெக்ட்ஸை அதில் மாட்டினால் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கிறது.
– வாசகர், மேலூர்

இரண்டு ஆம்ப், இரண்டு கேபினட் வழியாக ஒரே சிக்னல் போகிறது, அதனால்தான் அந்தப் போர்வை. ஆம்பின் பின்புறம் 'எஃப்.எக்ஸ். ரிட்டர்ன்' இருந்தால் பெட்டியை அங்கே மாட்டுங்கள். ஆம்பின் சொந்த ப்ரீ ஆம்ப் ஒதுங்கிவிடும்; பெட்டியில் ஆம்ப் மாடலை ஆனிலும் கேபினட்டை ஆஃபிலும் வையுங்கள். 15 வாட் ஆம்புகள் பலவற்றில் அந்த ஓட்டை இருக்காது. அப்போது முன்பக்க இன்புட்டில்தான் மாட்ட வேண்டும்: ஆம்பை க்ளீன் சேனலில் வைத்து, பெட்டியில் ஆம்ப், கேபினட் இரண்டையும் அணைத்து, எஃபெக்ட்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். மூன்றாவது வழி 'ஆக்ஸ் இன்'. அது பாட்டுக் கேட்பதற்கான நுழைவு. அங்கே எல்லாவற்றையும் ஆனில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். எது காதுக்குப் பிடிக்கிறதோ அது.

ஐ.ஆர். ஐ.ஆர். என்கிறார்களே, அது என்ன? ஒரு நண்பர் 300 ஃபைல் கொடுத்திருக்கிறார்.
– வாசகர், கே.கே. நகர்

திருமலை நாயக்கர் மகாலில் தூண்களுக்கு நடுவே நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். திரும்பி வரும் ஒலியில் அந்தக் கூடத்தின் குணம் முழுக்க இருக்கும். அதேபோல ஒரு ஸ்பீக்கர் கேபினட்டுக்குள் சோதனை ஒலியை அனுப்பி, மைக்கில் என்ன விழுகிறது என்று பதிந்து வைத்த சின்ன வேவ் ஃபைல்தான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐ.ஆர். கேபினட், ஸ்பீக்கர், மைக், மைக் வைத்த இடம் எல்லாம் அதில் அடக்கம். ஆம்பின் டிஸ்டார்ஷன் மட்டும் அதில் வராது. அது ஆம்ப் மாடலின் வேலை.

பல பெட்டிகள் 1,024 அல்லது 2,048 சாம்பிள் வரைதான் எடுத்துக்கொள்ளும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1,024 சாம்பிள் என்பது 23 மில்லிசெகண்ட். கேபினட்டின் குணத்துக்கு அது போதும். ஃபைல் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வடிவம் பொருந்தவில்லை: ஸ்டீரியோவாக இருக்கும், அல்லது பெட்டி 44.1 கேட்கும்போது ஃபைல் 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். இலவச ஆடியோ எடிட்டரில் மோனோவாக மாற்றி, கையேட்டில் சொன்ன அளவில் சேமியுங்கள். ஐ.ஆரைப் போட்டதும் பெட்டியின் சொந்தக் கேபினட்டை அணைக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் மேலூர்க்காரரின் போர்வை உங்களுக்கும் வந்துவிடும்.

300 ஃபைலையும் கேட்டு முடிப்பதற்குள் கம்பி துருப்பிடித்துவிடும். மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கை ஸ்பீக்கரின் நடுவட்டத்துக்கு நேரே வைத்து எடுத்தது கூர்மையாக இருக்கும். விளிம்புப் பக்கம் போகப் போக மந்தமாகும். கூர்மை, நடு, மந்தம் என்று ஒவ்வொன்று. மற்றதை நண்பரிடமே திருப்பிக் கொடுங்கள்.

மல்டி எஃபெக்ட்ஸின் சார்ஜர் காணாமல் போனதால் சி.சி.டி.வி. கேமரா அடாப்டரை மாட்டினேன். பின் சரியாகப் பொருந்தியது. லேசாகக் கருகிய வாடை. அதோடு சரி, ஆன் ஆகவில்லை.
– வாசகர், சோழவந்தான்

பின் பொருந்தியதுதான் வினை. கேமரா அடாப்டர் 12 வோல்ட், நடுவில் பிளஸ். கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடுவில் மைனஸ். வோல்ட்டும் கூடிப்போய், துருவமும் தலைகீழாகிவிட்டது. உடனே மெயின் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல பெட்டிகளில் மின்சாரம் நுழையும் இடத்திலேயே ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கும். அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கலாம். சர்வீஸ்காரரிடம் முதலில் அதையும், அடுத்து ரெகுலேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வேறு அடாப்டர் வாங்கும்போது மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் உள் ஓட்டையிலும் கறுப்பை வெளி உலோகத்திலும் தொடுங்கள். மைனஸ் 9 என்று காட்டினால் நடுவில் மைனஸ். 12, 13 என்று காட்டும் பழைய கனத்த அடாப்டர் வேண்டாம். மில்லி ஆம்ப் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். குறைந்தால்தான் பாட்டின் நடுவில் அணைந்து அணைந்து எரியும். சின்னப் பெட்டிகள் பலவற்றுக்கு 500 மில்லி ஆம்ப் போதும். லைன் 6 எச்.எக்ஸ். ஸ்டாம்ப் போன்றதற்கு 9 வோல்ட்டிலேயே 3 ஆம்ப் வேண்டும். ஆகவே "எல்லாம் 9 வோல்ட்தானே" என்று மாற்றி மாற்றிப் போடக் கூடாது.

டிஸ்டார்ஷன் போட்டாலே ஊஊ என்று ஒரு இரைச்சல். நாய்ஸ் கேட் போட்டேன், அது வாசிப்பையே தின்கிறது.
– வாசகர், தெப்பக்குளம்

நாய்ஸ் கேட் கதவு மாதிரி, ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும். கொசு வருகிறதே என்று கதவைச் சாத்தினால் ஆட்களும் உள்ளே வர முடியாது. முதலில் கொசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

கிட்டாரின் வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் நின்றால் அது பிக்கப் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் வயர், அடாப்டர், அல்லது அதற்கப்பால். பிக்கப் என்றால், கிட்டாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் இரைச்சல் குறைந்தால் அறையில் உள்ள ஏதோ காந்தப் புலத்தை அது வாங்குகிறது. சோக் வைத்த பழைய ட்யூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், பக்கத்தில் கிடக்கும் போன் சார்ஜர், பெட்டியின் அடாப்டரேகூட. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சிங்கிள் காயில் பிக்கப்பில் இது கூடுதல்; ஹம்பக்கரில் குறைவு. அடுத்து கம்பியைத் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் வழக்கமானதுதான். தொட்டதும் கூடினால் கிட்டாருக்குள் எர்த் வயர் விட்டிருக்கலாம் அல்லது ஜாக்கில் மாற்றிப் பற்றவைத்திருக்கலாம்.

லேப்டாப்பில் யு.எஸ்.பி. மாட்டியிருக்கும்போது மட்டும் வருகிறது என்றால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து வட்டமாகிவிட்டது. மிக்ஸரோடு சேரும்போது வருவதற்கு, 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தான் உள்ள டி.ஐ. பாக்ஸ்தான் மருந்து. சிலர் மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்துவார்கள். அதைச் செய்யவே கூடாது. கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படும்போது ஷாக் அடிப்பது இப்படிப்பட்ட மேடைகளில்தான்.

சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் வீட்டில் கரண்ட் போனபிறகு மட்டும் கர்ரென்றால், பெட்டியைப் பேட்டரியில் ஓட்டி வாசித்துப் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுகிற கொஞ்சத்துக்குத்தான் கேட். வாசிக்காமல் இருக்கும்போது இரைச்சல் சரியாக மறையும் இடம்வரை த்ரெஷோல்டை, அதாவது கதவு மூடும் அளவை, ஏற்றி, அங்கேயே நிறுத்துங்கள். கெயினைக் கொஞ்சம் இறக்கினால் அதுவும் பாதி தேவைப்படாது.

எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன். நீளமாக இழுக்கும் கமகத்தின் கடைசி சட்டென்று அறுந்துபோகிறது.
– வாசகர், திருப்பரங்குன்றம்

மேலே சொன்ன அதே கேட்தான். ஃபேக்டரி ப்ரீசெட்டுகள் பலவற்றில் அது ஆனிலேயே வரும். ஒரு மீட்டில் நாலு சுரம் இழுக்கும்போது கடைசி சுரம் தேய்ந்து த்ரெஷோல்டுக்குக் கீழே போகிறது, கதவு மூடிவிடுகிறது. கேட்டை முழுதாக எடுத்துவிடுங்கள். ஆம்புக்கு முன்னால், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் வையுங்கள்: ரேஷியோ விகிதம் 3-க்கு 1, அட்டாக் சற்றே மெதுவாக, அதாவது 20 மில்லிசெகண்ட் வாக்கில். மீட்டின் கூர்மை முன்னால் போய்விடும், பின்னால் வரும் இழுவை மேலெழும்பும். க்ளீன் ஆம்பில் கெயினைப் பாதிக்குச் சற்று முன்னால், ஒலி உடையத் தொடங்கும் விளிம்பில் நிறுத்தினால் இழுவை இன்னும் நீளும். டிலேயும் கோரஸும் வேண்டாம். கோரஸ் சுருதியை லேசாக ஆட்டித்தான் வேலை செய்கிறது. தம்புராவோடு அது ஒட்டாது.

பாடகர் மேடையில் திடீரென்று "அரைக் கட்டை இறக்குங்க" என்கிறார். பெட்டியில் உள்ள பிட்ச் ஷிஃப்ட்டை நம்பலாமா?
– குழுக் கிட்டாரிஸ்ட், அலங்காநல்லூர்

இறக்குவதற்கு ஓரளவு நம்பலாம். அரைக் கட்டை என்பது ஒரு செமிடோன், பெட்டியில் மைனஸ் 1. ஒரு கட்டை என்றால் மைனஸ் 2. ஆனால் 4 கட்டையிலிருந்து 3-க்கு இறங்கினால் மட்டும் மைனஸ் 1-தான். அங்கே நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. பிட்ச் பிளாக்கை எஃபெக்ட்ஸ் வரிசையின் முதல் ஆளாக, டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வையுங்கள். ஒற்றைச் சுரத்துக்கு மட்டும் ஆன பிட்ச் ஷிஃப்ட்டில் கார்டு வாசித்தால் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல நடுங்கும். பாலிஃபோனிக் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் தாமதமும் சேரும். வேகமான குத்துப் பாட்டில் அது விரலில் உறைக்கும். ஏற்றச் சொன்னால் பிட்ச் ஷிஃப்ட் வேண்டாம், கேப்போ போட்டுவிடுங்கள்.

சோலோ வரும்போது கெயினைக் கூட்டும் ஸ்விட்சை மிதிக்கிறேன். ஒலி பெரிதாவதற்குப் பதில் பின்னால் போய்விடுகிறது.
– வாசகர், வாடிப்பட்டி

ஏற்கெனவே டிஸ்டார்ஷனில் நிற்கும் ஆம்புக்கு முன்னால் எவ்வளவு கூட்டினாலும் சத்தம் கூடாது. நிரம்பிய குடத்தில் ஊற்றியது போல வழியும், அவ்வளவுதான். நசுக்கம் கூடுவதால் பின்னால் போனதாகவும் தெரியும். பூஸ்ட்டை ஆம்புக்கும் கேபினட்டுக்கும் பின்னால், டிலேக்கு முன்னால் வையுங்கள். ஈக்யூ பிளாக்கில் லெவல் 3 அல்லது 4 டெசிபல், அதோடு 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல். சோலோவில் டிலே போடுவதானால் நேரம் பாட்டோடு பொருந்த வேண்டும். 60,000-ஐ பி.பி.எம். எண்ணால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதால்) வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லிசெகண்ட் வரும். 96 பி.பி.எம். பாட்டுக்கு 625, அதன் முக்காலான 469-ம் பழகிய அளவு. தட்டுக்கு மூன்றாகப் பிரியும் தாளத்தில் அந்த முக்கால் கணக்கு முட்டிக்கொள்ளும். அங்கே தட்டில் மூன்றில் ஒன்றோ மூன்றில் இரண்டோ வையுங்கள்.

சர்ச் கொயரில் பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். இதற்கும் மாடலர் பயன்படுமா?
– வாசகர், பசுமலை

பயன்படும், ஆனால் ஆம்ப் மாடலையும் கேபினட்டையும் அணைத்துவிட்டு. அக்கூஸ்டிக் கிட்டாருக்கு முழு வீச்சு வேண்டும். 'அக்கூஸ்டிக் சிமுலேட்டர்' என்று ஒன்று இருக்கும், அது எலக்ட்ரிக் கிட்டாருக்கானது, தொடாதீர்கள். லோ கட் 80 ஹெர்ட்ஸ், லேசான கம்ப்ரஸர், கொஞ்சம் ரிவெர்ப். பூம்ம் என்று ஊளையிட்டால் பெரும்பாலும் 100 அல்லது 200 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில்தான் இருக்கும், கிட்டாரின் வயிறும் மேல்பலகையும் இயல்பாக அதிரும் இடங்கள் அவை. ஈக்யூவில் குறுகலாக 4, 5 டெசிபல் வெட்டுங்கள். ஆராதனை முடிந்ததும் கிட்டாரிலிருந்து வயரைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி அடுத்த ஞாயிறுக்குள் தீர்ந்துவிடலாம்.

முதல் பெட்டி, அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?
– வாசகர், பழங்காநத்தம்

எத்தனை எஃபெக்ட் என்ற எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். பத்துக்கு மேல் யாரும் பயன்படுத்துவதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை ஓடும், காலால் மிதிக்க எத்தனை ஸ்விட்ச், ஐ.ஆர். ஏற்ற முடியுமா, இந்த மூன்றும்தான் கணக்கு. ஸூம் ஜி1 எக்ஸ் ஃபோர் ஒரே நேரத்தில் 5 எஃபெக்ட் ஓட்டும், 4 பென்சில் பேட்டரியில் ஓடும், காலால் சாய்த்து இயக்கும் எக்ஸ்பிரஷன் பெடலும் உண்டு, ஐ.ஆர். ஏறாது. பாஸ் ஜி.டி.-1-ம் 4 பேட்டரியில் ஓடும், அதிலும் ஐ.ஆர். ஏறாது. கற்றுக்கொள்வதற்கும் ஜெனரேட்டர் மேடைகளுக்கும் இரண்டும் தாராளம். ஐ.ஆர். வேண்டுமென்றால் வேலட்டன் ஜி.பி.-200, நக்ஸ் எம்.ஜி.-30 வகையறா பக்கம் போங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது கிட்டாரையும் ஹெட்ஃபோனையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு ஸ்விட்சையும் இருபது தடவை மிதியுங்கள். ஒரு மிதிக்கு இரண்டு தாவினால் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. ஜாக்கில் வயரைச் செருகி லேசாக ஆட்டுங்கள், கரகரத்தால் பற்றவைப்பு விட்டிருக்கிறது. எக்ஸ்பிரஷன் பெடலை மெதுவாக மேலும் கீழும் கொண்டுபோகும்போது எண் திரையில் பூஜ்யம் முதல் 100 வரை தாவாமல் நகர வேண்டும். நகராவிட்டால் கேலிப்ரேஷன் செய்து பாருங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் வேண்டாம். யு.எஸ்.பி.யில் லேப்டாப் அதை அடையாளம் காண்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கேயே ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லுங்கள். கம்பெனி அடாப்டர் கூட வராவிட்டால் புது அடாப்டர் விலையைக் கழித்துக்கொண்டுதான் பணம் கொடுக்க வேண்டும்.